வந்த இடத்தில் பிள்ளை பெறுகிறவள்

கோவைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கடிதம் முழுக்கக் கோபம். "மகளைப் பிரசவத்துக்கு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வார்டில் திரும்பின பக்கமெல்லாம் ஹிந்திப் பேச்சு. நம்ம பெண்களுக்குக் கட்டில் வேண்டாமா? வடக்கேயிருந்து வந்தவர்கள் பிரசவத்துக்கு அவங்க ஊருக்கே போகக்கூடாதா? இதையெல்லாம் எழுதுவீர்களா, மாட்டீர்களா?"

எழுதுகிறேன், சகோதரி. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

நான் குடியிருக்கிற மதுக்கரையையே எடுத்துக்கொள்ளுங்களேன். 1934-ல் இங்கே சிமென்ட் ஆலை வந்தது. அந்த ஆலையை நம்பி எங்கெங்கிருந்தோ மூட்டை முடிச்சோடு வந்து இறங்கினவர்களின் பேரன் பேத்திகள், இன்று "நாங்க உள்ளூருங்க" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறோம். வாளையார் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் வீதியில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கும். இப்போது மலுமிச்சம்பட்டி, குறிச்சிப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் நூல் மில்களுக்கும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் ஆட்கள் வருகிறார்கள். முன்னெல்லாம் ஆண்கள் மட்டும் வந்தார்கள். இப்போது கல்யாணமாகிப் பெண்டாட்டியோடு வருகிறார்கள். பெண்கள் தனியாக மில் வேலைக்கும் வருகிறார்கள். பெண் வந்தால் பிள்ளையும் பிறக்கத்தானே செய்யும்!

எங்கள் வீதிக்குப் பின்னால் ஒரு லைன் வீடு இருக்கிறது. அதில் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி. இருபத்திரண்டு வயது. என்னை "மாவுசி" என்று கூப்பிடுவாள். அவர்கள் பேச்சில் அம்மாவோடு பிறந்தவளுக்கு அப்படிப் பெயராம். ஆறு மாதம் ஆனபோதுதான் வயிறு என் கண்ணில் பட்டது. "டாக்டரம்மாகிட்ட காட்டினியா கண்ணு?" என்றால் சிரிப்பாள். ஒரு நாள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினாள். ஊரில் கொடுத்த தாய்-சேய் அட்டை. முழுக்க ஒடியா எழுத்து. இங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது, காட்டினால் திட்டுவார்கள் என்று பயந்து, வந்த நாளிலிருந்து வெளியே எடுக்கவே இல்லையாம்.

எனக்கும் ஒடியா தெரியாது. ஆனால் அட்டையில் எடையும் ரத்த அளவும் இங்கிலீஷ் எண்ணில் இருந்தன. ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது நம் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த ரத்தத்தோடு அவள் மூன்று மாதமாக மாத்திரை இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தாள். பிரசவத்தில் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போனால் உயிருக்கே ஆபத்து.

புதன்கிழமை தடுப்பூசி நாளில் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். நல்ல பெண்மணி. "ஏனுங்கக்கா, இத்தனை நாளா எங்க இருந்தாங்க இவங்க?" என்று அங்கலாய்த்துக்கொண்டே பெயரைப் பதிந்து, பிக்மி நம்பர் வாங்கிக் கொடுத்தார். இந்த நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் எந்தக் கர்ப்பிணியாக இருந்தாலும் இதைப் பதிய வேண்டும். ஆஸ்பத்திரிக் கவனிப்புக்கு மட்டும் அல்ல. குழந்தை பிறந்தபின் பிறப்புச் சான்றிதழ் வாங்க இந்த எண்ணைக் கேட்பார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டமே வந்துவிட்டது. அம்மா ஆறாம் மாதத்தில் பயந்து அட்டையை ஒளித்து வைத்தால், பிள்ளை ஆறாம் வயதில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும்.

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்தாயிற்று. அங்கன்வாடியில் சத்துமாவும் கிடைத்தது. (2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் அங்கன்வாடி உணவு உரிமை. பிச்சை அல்ல.) ஆனால் என் மனசில் இன்னொரு கவலை இருந்தது. பிரசவ வார்டில் வலியோடு கிடக்கிறவளிடம் நீட்டுகிற காகிதம்.

சகோதரிகளே, நீங்கள் பிள்ளை பெற்றபோது எத்தனை காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்கள், எதில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருக்கிறதா? தமிழ் படித்த நமக்கே இல்லை. மொழி தெரியாதவள் கதி?

இது வெறும் பயமில்லை. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். அங்கே இருந்த பெரிய அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தபோது இங்கிலீஷ் காகிதத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கி, கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள். சிலருக்கு என்ன செய்தார்கள் என்பதே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. இன்னொரு பிள்ளை வேண்டுமென்று கணவனோடு ஆசையாய்ப் பேசி, அப்புறம் டாக்டரிடம் போய் நின்று தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த வயிற்றெரிச்சலை நினைத்துப் பாருங்கள்.

1975-ல் அவர்களில் பத்துப் பேர் துணிந்து கோர்ட்டுக்குப் போனார்கள். மெக்சிகோ வம்சாவளிப் பெண்களின் அமைப்பு ஒன்று கூட நின்றது. வாதாடிய வக்கீல்களில் ஒருவரான அன்டோனியா எர்னாண்டஸ் அப்போதுதான் சட்டம் படித்து முடித்த இளம்பெண். 1978-ல் தீர்ப்பு வந்தது. பெண்கள் தோற்றார்கள். ஏதோ பேச்சு புரியாமல் நடந்துபோன தப்பு என்று டாக்டர்கள் பக்கமே தீர்ப்பு. ஆனால் தோற்ற வழக்குதான் சட்டத்தை மாற்றியது. சம்மதப் படிவம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும், யோசிக்க நாள் கொடுக்க வேண்டும் என்ற விதிகள் வந்தன. கட்டாயக் கருத்தடையை அனுமதித்த பழைய கலிபோர்னியா சட்டத்தை 1979-ல் தூக்கி எறிந்தார்கள். 2018-ல் அந்தக் கவுண்டி நிர்வாகம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருஷம் கழித்து!

1994-ல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். நம் பேச்சில் 'பிள்ளைப்பேற்று நீதி' என்று வைத்துக்கொள்ளலாம். பிள்ளை வேண்டும் என்றால் பெற உரிமை, வேண்டாம் என்றால் மறுக்க உரிமை, பெற்ற பிள்ளையைப் பயமில்லாமல் நல்ல இடத்தில் வளர்க்க உரிமை. இந்த மூன்றாவதில்தான் கூலி, குடிதண்ணீர், குடியிருப்பு, புதிதாக வந்தவர்கள் என்ற பாகுபாடு எல்லாம் அடங்கும். லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறின பெண்களும் இதையே தங்கள் கொடியாக எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்கா எதற்கு, நம் தேசத்தைப் பார்ப்போம். 2012 ஜனவரியில் பீகாரில் அராரியா மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளே இரண்டே மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். டார்ச் வெளிச்சத்தில்! 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரே நாளில் 83 பெண்களுக்குச் செய்ததில் 13 பேர் செத்தே போனார்கள். அராரியா கொடுமையை வைத்து தேவிகா பிஸ்வாஸ் என்ற பெண்மணி உச்ச நீதிமன்றம் போனார். 2016 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. மூன்று வருஷத்துக்குள் இந்த முகாம் முறையையே நிறுத்த வேண்டும், பெண்ணுக்கு அவள் மொழியில் விளக்கிச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்றது கோர்ட். நம் லைன் வீடுகளில் இருக்கிற பெண்கள் இப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறவர்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே சிலர் ஒதுங்குகிறார்கள் என்றால் காரணம் அறியாமை என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, நம் சொந்தப் பெண்களாவது நன்றாக இருந்தார்களா? கொங்கு நாட்டு மில் கதை உங்களுக்குத் தெரியாததா. மூன்று வருஷம் ஹாஸ்டலில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு தொகை கொடுத்த 'சுமங்கலித் திட்டம்' இங்கேதானே நடந்தது. திண்டுக்கல், விருதுநகர், தேனிப் பக்கத்து ஏழைப் பெண்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்தார்கள். அவர்களும் வந்தவர்கள்தாம்; மொழி மட்டும் ஒன்று. பாத்ரூம் போக நேரம் கொடுக்க மாட்டார்கள் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பில் துடித்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தார் தமிழ்நாட்டுத் துணி ஆலைப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் விசாரித்து ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால் வீட்டுக்கு விடாமல், பெயர்கூட இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மறுபடியும் மெஷினில் உட்கார வைக்கிறார்கள் என்பது செய்தி. பல இடங்களில் கொடுத்தவர் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வெறும் வயிற்றில் வலி மாத்திரையை மாதாமாதம் விழுங்கினால் குடல் புண்ணாகும். மாதவிலக்கு தள்ளிப்போனது தெரியாமல் விழுங்கினால் கருவுக்கு என்ன ஆகும்? உங்கள் வீட்டுப் பெண் மில்லுக்கோ கம்பெனிக்கோ போகிறவளாக இருந்தால் ஒன்று சொல்லி வையுங்கள்: அட்டை இல்லாமல் உதிரியாகக் கொடுக்கிற மாத்திரையை வாங்காதே, பெயர் என்ன என்று கேள். மாதாமாதம் எழுந்திருக்க முடியாத அளவுக்கு வலி என்றால் மாத்திரையால் மூடி வைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இதெல்லாம் யார் சொல்லி மாறியது? இரக்கப்பட்டு யாரும் மாற்றவில்லை. அந்தப் பெண்களே சொன்னார்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஒரு ஏற்றுமதித் துணி ஆலையில் வேலை பார்த்த இருபது சொச்சம் வயதுப் பெண் கொலை செய்யப்பட்டாள். தலித் குடும்பத்துப் பெண். மேற்பார்வையாளர் ஒருவர்மீதே குற்றச்சாட்டு. அதற்கு முன்பே தொந்தரவு இருந்தது என்று சக தொழிலாளிகள் சொன்னார்கள். இந்த மாதிரி நடந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? பெண்ணை வேலையிலிருந்து நிறுத்துவோம். ஆனால் அங்கே பெண்களே தலைமை தாங்குகிற ஒரு சங்கம் இருந்தது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்று பெயர். 2013-ல் தொடங்கினது. தலித் பெண்கள் முன்னால் நின்று நடத்துகிற சங்கம். அவர்கள் விடவில்லை. ஆலையிடம் மட்டும் பேசாமல், அங்கே தைக்கிற சட்டையை வாங்கி விற்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளையும் இழுத்தார்கள். 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஒரு பக்கம் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம், இன்னொரு பக்கம் இந்தச் சங்கமும் அதற்குத் துணை நின்ற அமைப்புகளும். எச் அண்ட் எம், பிறகு கேப், பி.வி.எச். என்ற வெளிநாட்டுக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்டன.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் என்ன தெரியுமா? பெண் என்றும், சாதி பார்த்தும், வெளியூரிலிருந்து வந்தவள் என்றும் பாகுபாடு காட்டக் கூடாது என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். வேலை செய்கிற பெண்களிலிருந்தே கண்காணிப்பவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். யாராவது கெட்ட வார்த்தை பேசினாலோ, கை வைத்தாலோ, பாத்ரூம் போக விடாவிட்டாலோ, பக்கத்து மெஷின்காரியிடமே சொல்லலாம். முதல் வருஷத்தில் 185 புகார்கள் வந்தன. ஏறக்குறைய எல்லாமே தீர்ந்தன, அதிலும் பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். நாம் வீட்டுக் குழாய் ரிப்பேருக்கு மனு கொடுத்து எத்தனை வாரம் காத்திருக்கிறோம்!

இதை வாசித்தபோது ஒன்று தோன்றியது. மதுக்கரையில் இருக்கிற ஒடியாப் பெண்ணுக்கு இப்படி ஒரு பக்கத்து மெஷின்காரி வேண்டும். அவள் மொழியில் பேசுகிறவளாக இருந்தால் ரொம்ப நல்லது. இங்கே நாலு வருஷமாக இருந்து தமிழ் பழகிவிட்ட பீகார்ப் பெண் ஒருத்தியை நம் செவிலியர் இப்போது வீட்டுக்கு வீடு கூட்டிக்கொண்டு போகிறார். சம்பளம் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் வந்து நின்றால் கதவு திறக்கிறது. நான் போனால் திறக்க யோசிக்கிறார்கள். 'வாடகை கேட்க வந்திருக்கிறாள்' என்று நினைப்பார்களாயிருக்கும்.

சட்டத்தில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். 1961-லேயே மகப்பேற்று உதவிச் சட்டம் வந்தது. 2017-ல் சம்பளத்தோடு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். இப்போது அது 2020-ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். முதல் இரண்டு பிள்ளைக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம். எந்த மாநிலத்துப் பெண் என்ற கேள்வியே அதில் இல்லை. ஐம்பது பேர் வேலை செய்கிற இடமென்றால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும். இவ்வளவும் இருந்தும் ஏன் கிடைப்பதில்லை? "இவ எங்க ஆளு இல்லீங்க, கான்ட்ராக்டர் ஆளு" என்று மில்லில் கைகாட்டுவார்கள். கான்ட்ராக்டர் போனை எடுக்க மாட்டார். அதனால் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஈ.எஸ்.ஐ. நம்பர் மூன்றையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கு இதில் ஒன்றும் கிடையாது என்பது பெரிய ஓட்டை. அதை அடைக்க வேண்டியது நம் மாதிரி வீட்டுக்காரிகள்தாம். நிறைமாதக்காரியை லீவில் அனுப்பும்போது சம்பளத்தை நிறுத்திவிட்டு வளையல் மட்டும் போட்டு அனுப்பினால் எப்படி?

மணமாகாத மில் பெண் சங்கடத்தில் மாட்டிக்கொண்டால் மருந்துக் கடையில் எதையோ வாங்கி விழுங்கி ரத்தப்போக்கில் வருகிறாள். 1971-லிருந்தே கருக்கலைப்புக்குச் சட்டம் இருக்கிறது. 18 வயது நிரம்பியவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும், புருஷன், அப்பா கையெழுத்து வேண்டாம். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மணமானவள், ஆகாதவள் என்று வித்தியாசம் பார்க்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. இதைப் பற்றி முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். பெண் உயிரோடு வீடு வர வேண்டும்.

கட்டில் குறைவு என்று எழுதிய சகோதரிக்கு வருகிறேன். கட்டில் குறைவு நிஜம். அதைக் கூட்டச் சொல்லி மனு எழுதுங்கள், நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். மதுக்கரைப் பக்கத்தில் வார்ப்படம் ஊற்றுகிறவன், நூல் நூற்கிறவள், நீங்கள் கட்டுகிற வீட்டுக்குச் செங்கல் தூக்குகிறவள், எல்லோருடைய உழைப்பும் இந்த ஊர்ச் சரக்கில் இருக்கிறது. அவர்கள் வாங்குகிற சோப்புக்கும் எண்ணெய்க்கும் வரி கட்டுகிறார்கள். பயண நாள் இரண்டு, ரயிலில் பொதுப்பெட்டி. நிறைமாதத்தில் அப்படி அனுப்பச் சொல்ல உங்களுக்கும் மனசு வராது என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, தடுப்பூசி போடாத குழந்தை ஒரு வீதியில் இருந்தால், தட்டம்மை வரும்போது எந்த மொழி பேசுகிற வீடு என்று பார்த்து நுழையாது.

அந்த ஒடியாப் பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். ரத்தம் 10.4 வரை ஏறியிருந்தது. வார்டில் காகிதம் நீட்டினபோது, பீகார்ப் பெண் கூடவே நின்று ஹிந்தியில் சொல்ல, இவள் ஒன்றில் கையெழுத்துப் போட்டாள், இன்னொன்றில் "இப்போது வேண்டாம்" என்று சொன்னாள். அந்த இன்னொன்று காப்பர்-டி. ஆறு மாதம் கழித்து யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். நர்ஸும் சரியென்று அட்டையில் எழுதிக்கொண்டார். ஒன்றும் சண்டை இல்லை.

உங்கள் தெருவில் இப்படி யாராவது இருந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் கொடுத்த அட்டை எந்த மொழியில் இருந்தாலும் எடுத்துவரச் சொல்லுங்கள்; தடுப்பூசிக் கணக்கு அதில்தான் இருக்கும். புதன்கிழமை செவிலியரிடம் காட்டிப் பிக்மி நம்பர் வாங்கச் செய்யுங்கள். தலைவலியோடு முகம் கை கால் வீக்கம், கண் மங்கல், ரத்தம் படுதல், தண்ணீர் உடைதல், குழந்தை அசைவு குறைதல், இதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிஷமே 108. சந்தேகம் கேட்க 104. வீட்டிலோ வேலை இடத்திலோ அடி, தொந்தரவு என்றால் 181. ரேஷன் கார்டு ஊரில் இருந்தாலும், ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடும் சேர்ந்திருக்கிறது. பிள்ளை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் கட்டணம் இல்லை. பெயர் இன்னும் வைக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம், பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். அப்பா அம்மா பெயரை மட்டும் ஆதார் அட்டையில் இருக்கிற எழுத்துக்கூட்டல்படியே எழுதச் சொல்லுங்கள். ஒடியாப் பெயரைத் தமிழில் எழுதி, தமிழிலிருந்து இங்கிலீஷுக்கு மாற்றும்போது ஆளே மாறிப்போகிறார்கள்.